மோபியஸ் சிண்ட்ரோம்: எம்ஆர்ஐ நார்மல் என்றால் இல்லை என்றாகிவிடுமா?

ஐந்து மாதமாகியும் குழந்தை சிரிப்பதில்லை, அழும்போதும் முகம் அசையவில்லை, டாக்டர் இது மோபியஸ் சிண்ட்ரோம் என்கிறார், எம்ஆர்ஐயோ நார்மல், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டரைத்தான். ஸ்கேன் கூடுதல் தகவல் தரும், அவ்வளவே. இதைக் குழந்தையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பிறவியிலேயே முகத்தசை பலவீனம், ஒரு பக்கமோ இரு பக்கமோ, அது நாளாக ஆக அதிகமாகக் கூடாது. அதோடு கண் காதுப் பக்கமாகத் திரும்பாமல் இருக்க வேண்டும். கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது, முகத்தை அசைக்கும் ஏழாவது மூளை நரம்புகளின் கோளாறு இது. 1888இல் விவரித்த ஜெர்மன் மருத்துவர் மோபியஸின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கிலுகிலுப்பையை முகத்துக்கு நேரே பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கண் நடுவிலேயே நின்று தலை மட்டும் திரும்பினால் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

முகம் அசையாததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயுதப் பிரசவத்தில் முக நரம்பு நசுங்கியிருந்தால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான், கண் நன்றாக ஓடும், சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடும். உடம்பே துவண்டு கிடந்தால் தசை நோயா என்று பார்ப்பார்கள். அப்போது அம்மாவின் கையை இறுக மூடிச் சட்டென்று திறக்கச் சொன்னால் குழம்பாதீர்கள், அப்படிப்பட்ட தசை நோய்களில் ஒன்று (மயோடோனிக் டிஸ்ட்ரோபி) அம்மா வழியாக வரக்கூடியது, அது இருந்தால் மூடிய கை சட்டென்று திறக்காது.

அப்புறம், முகபாவம் காட்டாத குழந்தை மந்தம் என்கிற உறவுக்காரர்களைக் கண்டுகொள்ளாதீர்கள், பெரும்பாலானவர்களுக்கு அறிவு இயல்பாகவே இருக்கும். தூங்கும்போது கண் முழுக்க மூடுகிறதா என்று இன்றிரவே பாருங்கள். மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும், கண் டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப் போடாதீர்கள்.