பழைய பிபிசி மைக்ரோவை வாங்கலாமா, எமுலேட்டர் போதுமா?

பிபிசி மைக்ரோ 1980களின் பிரிட்டிஷ் கம்ப்யூட்டர். எமுலேட்டர் என்பது அதைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். கேம் ஆட வேண்டும், பேசிக் என்ற புரோகிராமிங் மொழியில் நாலு வரி எழுதிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் எமுலேட்டர் போதும். ஜேஎஸ்பீப் என்ற எமுலேட்டர் பிரவுசரிலேயே ஓடும், காசும் கிடையாது. ஆனால் நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால் மனசு ஏற்கெனவே நிஜ மெஷின் பக்கம் சாய்ந்துவிட்டது போலத் தெரிகிறது. அப்படியென்றால் வாங்குங்கள்.

1984-85இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் எங்கள் பள்ளிக்கும் பிபிசி மைக்ரோ வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். ஒரு கீபோர்டுக்கு நாலைந்து பேர். நம் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அந்த ஏக்கத்தில்தான், பல வருடம் கழித்து லண்டனில் இருக்கும் அத்தை மகன் மூலமாக ஒன்றை வரவழைத்தேன்.

வந்ததும் சுவிட்சைப் போடவில்லை. முதலில் பவர் சப்ளையைத் திறந்தேன். மெயின்ஸ் கரண்ட் வரும் பக்கம் தேன் நிறத்தில் ரிஃபா என்ற பிராண்டு கெபாசிட்டர்கள் இருக்கும். என்னுடையதில் மேலோடு முழுக்க மயிரிழை விரிசல். அதன் வழியே ஈரம் இறங்கியிருக்கும். கரண்ட் கொடுத்தால் புகை தள்ளி வெடிக்கலாம். மெயின்ஸ் கரண்டுக்கென்றே வரும் 'எக்ஸ்2' வகைக் கெபாசிட்டர் புதிதாக வாங்கி மாற்றினேன், பெரிய செலவில்லை. அப்புறம்தான் சுவிட்சைப் போட்டேன், மெஷின் தொடங்கும்போது வரும் அந்த இரட்டை 'பீப்' கேட்டது.

எமுலேட்டரிலும் அதே பீப் வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெஷினுக்கு அடியில், நாம் செய்யும் சர்க்யூட்டை மாட்டுவதற்கென்று இருக்கும் யூசர் போர்ட்டை அது எங்கிருந்து கொண்டுவரும்? எட்டு எல்இடி மாட்டி, பேசிக்கில் ஒரு மெமரி முகவரிக்கு நேராக எண்ணை அனுப்பினால் விளக்கு எரிகிறது. நடுவில் டிரைவர், லைப்ரரி எதுவும் இல்லை. என் மகள் அதில் டிராஃபிக் சிக்னல் செய்தாள். 'இதை ராஸ்பெர்ரி பை என்ற இந்தக் காலத்துக் குட்டிக் கம்ப்யூட்டரில் இன்னும் சுலபமாகச் செய்யலாமே' என்று யாராவது வருவார்கள். தாராளமாகச் செய்யுங்கள். பிபிசி பேசிக்கை எழுதிய சோஃபி வில்சன்தான் பின்னாளில் ஆர்ம் சிப்பின் கட்டளைத் தொகுப்பை வடிவமைத்தார். ராஸ்பெர்ரி பையில் இருப்பதும் ஆர்ம் சிப்தான். வேரைத் தொட்டுப் பார்க்க ஒருவர் ஆசைப்பட்டால் அதை வீண் செலவு என்று சொல்லாதீர்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. எங்கள் பள்ளி அந்த மெஷின்களைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டது. கேட்டிருந்தால் பழைய மாணவர்கள் நாங்களே காசு கொடுத்து எடுத்திருப்போம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

சரி, வாங்குவதாக இருந்தால்: பவர் சப்ளையில் கெபாசிட்டர் மாற்றியாயிற்றா என்று விற்பவரிடம் கேளுங்கள். பழைய ஃப்ளாப்பிகளை நம்பாதீர்கள், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதிலாக யுஎஸ்பி பென்டிரைவில் இருந்து படிக்கும் கோடெக் (Gotek) டிரைவ் போடுங்கள். சால்டரிங் பழக்கமில்லை என்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, அதுவரை ஜேஎஸ்பீப்பில் பழகுங்கள்.