எல்எம்-சென்சார்ஸ் அப்டேட்டில் விசிறிப் பெயர்கள் அழிவது பற்றி

வணக்கம் நண்பரே. லினக்ஸில் வெப்பநிலை, விசிறி வேகம் முதலியவற்றைக் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் நிரல் அப்டேட் ஆனதும் விசிறிகளுக்கு வைத்த பெயர்கள் போய்விட்டன என்று எழுதியிருந்தீர்கள். அத்தனை உழைப்பும் வீணானது வருத்தம்தான். அதன் பொது அமைப்புக் கோப்பான சென்சார்ஸ்3.கான்ஃபில் இனி கை வைக்காதீர்கள். அது தொகுப்போடு வருவது, அதனால் அப்டேட்டில் நீங்கள் எழுதியது போய்விடலாம். எட்சி (/etc) அடைவுக்குள் சென்சார்ஸ்.டி (sensors.d) என்ற துணை அடைவில் உங்கள் மதர்போர்டு பெயரில் தனிக் கோப்பு போடுங்கள். பொதுக் கோப்புக்குப் பிறகு, அகர வரிசைப்படி அங்குள்ளவை படிக்கப்படும். கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கினால் மட்டும் படிக்காமல் தாண்டிவிடும்.

அந்தக் கோப்பில் முதலில் எந்த சென்சார் சிப் என்று சொல்லும் 'சிப்' (chip) வரி, அதன் கீழே விசிறிகளின் பெயர்களைத் தரும் லேபிள்கள் (label), அப்புறம் விசிறி மாட்டாத இணைப்புகளைக் காட்டாமல் விட 'இக்னோர்' (ignore). சிப்புக்குக் கணினி தரும் எச்டபிள்யூமான் (hwmon) எண்ணை நம்பவே வேண்டாம், பூட் ஆகும்போது மாறலாம். சிப்பின் பெயரையே எழுதுங்கள். எச்சரிக்கை வரம்புகளை 'செட்' (set) வரியில் கொடுத்திருந்தால், ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு, 'சென்சார்ஸ் -எஸ்' (sensors -s) கட்டளையை ஓட்டினால்தான் அமலுக்கு வரும்.