ரூபார்ப் மஃபின், ஒரு கடிதம்

வணக்கம்.

சென்ற மாதம் புளிப்பைப் பற்றி எழுதிய குறிப்பில் ரூபார்ப் என்ற செடியின் தண்டைப் போட்டுச் செய்யும் மஃபினுக்கு, அந்தச் சின்னக் கிண்ணக் கேக்குக்கு, நான்கே வரி ஒதுக்கியிருந்தீர்கள். வெந்த பிறகும் புளிப்பை விட்டுக்கொடுக்காத தண்டு என்று படித்ததும் ஆசை வந்துவிட்டது. மூன்று முறை செய்தேன், மூன்றும் சொதப்பல். ஓவனுக்குள் அழகாகப் பொங்குகிறது, வெளியே எடுத்ததும் நடுவில் குழி விழுகிறது. காகிதத்தைப் பிரித்தால் அடியில் கூழ். பிய்த்தால் துண்டுகளைச் சுற்றிச் சாம்பலும் பச்சையுமாக வட்டம். பூஞ்சை என்று நினைத்து வீட்டில் யாரும் தொடவில்லை.

புளிப்பு அதிகம் என்பதால் முந்தின இரவே நறுக்கிச் சர்க்கரையில் ஊறவைத்தேன். சோடாவும் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன். செய்முறையில் ‘பட்டர்மில்க்’ என்று இருந்த இடத்தில் மோர் ஊற்றினேன். தப்பு எங்கே? பேசாமல் ஆப்பிளுக்குப் போய்விடவா? இன்னொன்று: அந்தப் பெரிய இலைகளைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. கீரை மாதிரி சமைக்கலாமா?

கே.
(முழுப் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றது காத்திருக்கும். இலையைச் சமைக்காதீர்கள். கிள்ளி ருசி பார்க்கக்கூட வேண்டாம். அதில் ஆக்ஸாலிக் அமிலம் மிக அதிகம், வேகவைத்தாலும் அது அழியாது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் காய்கறிக்கு மாற்றாக இந்த இலையைத் தின்னலாம் என்று பரிந்துரைத்தார்கள். தின்றவர்களுக்கு நஞ்சேறியது, உயிரும் போனது. உங்களுக்கு வந்த அதே நினைப்புதான் அவர்களுக்கும் வந்திருக்கிறது: இவ்வளவு பெரிய இலையை எப்படி எறிவது? உரக்குழியில் போடுங்கள், அங்கே அதனால் கெடுதல் இல்லை. தண்டிலும் அந்த அமிலம் உண்டு, ஆனால் குறைவு. சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும்.

இனி மஃபின். உங்கள் கடிதத்தில் இருக்கும் மூன்று தப்பும் அக்கறையால் செய்தவை. அதில் பெரியது அந்த இரவு ஊறல்.

ரூபார்பை நாம் பழமாக நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் 1947-இல் சுங்க நீதிமன்றம் ஒன்று, வரி விதிப்புக்கு இது பழமே என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. ஆனால் சமைக்கிறவருக்கு அது இலைக்காம்புதான். நூறு கிராம் தண்டில் தொண்ணூறு கிராமுக்கு மேல் தண்ணீர். இருநூறு கிராம் துண்டுகளைப் போடும்போது, அளவுக் குவளையில் கண் வைத்து அளந்து ஊற்றியது போக, அளக்காத இன்னொரு குவளைத் தண்ணீரையும் மாவில் ஊற்றுகிறீர்கள். நல்லவேளையாக அந்தத் தண்ணீர் தண்டின் செல்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. சூடு ஏறினால்தான் பூட்டு திறக்கும். அதற்குள் சுற்றியிருக்கும் மாவு கொஞ்சம் இறுகியிருந்தால் அது தாங்கிக்கொள்ளும். சர்க்கரை என்ன செய்கிறதென்றால், ராத்திரியே அந்தப் பூட்டைத் திறந்துவிடுகிறது. நறுக்கிய வெள்ளரியில் உப்பைத் தூவினால் தட்டில் நீர் கோத்துக்கொள்ளுமே, அதேதான்.

காலையில் கிண்ணத்தின் அடியில் ரோஜா நிறத்தில் அரை டம்ளர் சாறு நின்றிருக்கும். அதை வடித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வடித்திருக்க மாட்டீர்கள். நானும் முதல் முறை வடிக்கவில்லை, அந்த நிறத்தைப் பார்த்து யாருக்கு மனம் வரும்? ஒரு நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோன பன்னிரண்டு மஃபின்களையும் அன்று ஸ்பூனால் தோண்டித்தான் தின்றோம். புட்டிங் நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் மறுக்கவில்லை.

அந்தப் பச்சை வட்டம் பூஞ்சை இல்லை, பயப்படாதீர்கள். தண்டின் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. அது அமிலத்தில் சிவப்பாக இருக்கும், சோடா போன்ற காரப்பொருள் பட்டால் நீலத்துக்குப் போகும். மாவு மஞ்சள், கசிந்த சாறு நீலம், இரண்டும் சேர்ந்தால் பச்சை. அதாவது உங்கள் மாவில் சோடா மிஞ்சிக் கிடக்கிறது. தண்டுதான் இவ்வளவு புளிக்கிறதே, சோடாவை அது பார்த்துக்கொள்ளும் என்று தோன்றும். பார்த்துக்கொள்ளாது. மாவு கலக்கும் நேரத்தில் தண்டின் புளிப்பும் உள்ளே பூட்டித்தானே இருக்கிறது. சோடா சேர வேண்டியது மாவில் ஏற்கனவே கலந்திருக்கும் புளிப்போடு, அதாவது தயிரோடு. சோடா மிஞ்சினால் மாவு ஆத்திரமாகப் பொங்கும், சுவர் இறுகுமுன்பே காற்று போய் உட்கார்ந்துவிடும். நடுக்குழிக்குப் பாதிக் காரணம் அதுதான்.

மீதிப் பாதி மோர். இந்தச் செய்முறைகளில் பட்டர்மில்க் என்று எழுதுவது, வெண்ணெய் எடுத்துத் தண்ணீர் விட்டுப் பெருக்கிய மோரை அல்ல. புளிக்கவைத்த, கொழகொழவென்று ஊற்றவரும் ஒன்று. தண்ணீர் விடாத தயிரை அடித்துக்கொண்டால் போதும். மொழிபெயர்ப்பில் தொலைந்த மஃபின்கள் எத்தனையோ!

நான் செய்வதைச் சொல்கிறேன். மைதா 250 கிராம், சர்க்கரை 150 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், பேக்கிங் சோடா கால் டீஸ்பூன் (கால்தான், தலைதட்டி), உப்பு அரை டீஸ்பூன். இவை ஒரு பாத்திரத்தில். இன்னொன்றில் இரண்டு முட்டை, அடித்த தயிர் 180 மில்லி, எண்ணெய் 80 மில்லி, ஓர் ஆரஞ்சின் தோலைத் துருவியது. தண்டு 200 கிராம், அதற்கு மேல் ஒரு துண்டுகூட வேண்டாம். தோலுரிக்கத் தேவையில்லை, நிறமெல்லாம் தோலில்தான். நாரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் குறுக்கே சின்னதாக நறுக்கினால் போதும், நார் நீளமாக இருந்தால்தானே பல்லில் மாட்டும். சுண்டுவிரல் நகம் அளவு என் கணக்கு. பெரிய துண்டு ஒவ்வொன்றும் மஃபினுக்குள் ஒரு சின்னக் குளம்.

ஓவன் சூடேறிய பிறகே ஈரத்தையும் மாவையும் சேர்க்க வேண்டும். அகப்பையால் அடியிலிருந்து மேலே பத்துப் பன்னிரண்டு தடவை புரட்டுங்கள், அவ்வளவுதான். அங்கங்கே காய்ந்த மாவு தெரியும்போதே தண்டைப் போட்டு இரண்டு புரட்டு. கட்டி கட்டியாக இருப்பதைப் பார்த்துக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். வழவழப்பாகக் கலக்கினால் மைதாவில் குளூட்டன் என்ற புரதம் முறுக்கேறி, உள்ளே சுரங்கம் சுரங்கமாக ஓட்டை விழுந்து ரப்பர் மாதிரி ஆகும். கரண்டியைச் சாய்த்தால் மாவு ஓடக்கூடாது, சற்று யோசித்துத் தொப்பென்று விழ வேண்டும்.

முதல் ஆறு நிமிடம் 220 டிகிரி செல்சியஸ், பிறகு கதவைத் திறக்காமலே 180-க்கு இறக்கிப் பதினான்கு பதினைந்து நிமிடம். தண்டு தண்ணீர் விடுவதற்குள் மேற்புறமும் ஓரமும் இறுகிவிட வேண்டும் என்பதற்குத்தான் அந்த முதல் உக்கிரம். குச்சி குத்திப் பார்க்கும்போது ஏமாறாதீர்கள். தண்டில் குத்தினால் எத்தனை நேரம் வெந்தாலும் ஈரமாகத்தான் வரும், இன்னோர் இடத்தில் குத்துங்கள். எடுத்த ஐந்தாவது நிமிடம் அச்சிலிருந்து பிரித்துக் கம்பித்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அச்சிலேயே ஆறவிட்டால் ஆவி போக வழியில்லாமல் அடி நனையும். உங்கள் கூழில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். உறைந்த தண்டு என்றால் கரையவிடாமல் கல்லாகவே போடுங்கள், மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக வையுங்கள்.

சிவப்பாக இருந்தால் இனிக்கும் என்று தேடிப் பிடிக்க வேண்டாம். பச்சைத் தண்டு பழுக்காத தண்டு அல்ல, அது வகை. இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு பக்கம் இருட்டுக் கொட்டகையில் வளர்த்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பறிக்கும் இளஞ்சிவப்புத் தண்டு உண்டு. அழகி. மஃபினுக்கு ஆகாது, கரைந்து காணாமல் போய்விடும். வெளியே வெயிலில் முரட்டுத்தனமாக வளர்ந்ததுதான் இதற்குச் சரி.

ஆப்பிளுக்குப் போகவா என்று கேட்கிறீர்கள். போகலாம், ஆனால் அது வேறு பண்டம். இனிப்பு மாவுக்குள் இனிப்புப் பழம், அதில் எனக்குச் சுவாரசியமில்லை. ரூபார்ப் மஃபினில் மாவு இனிப்பாகவும் துண்டு வெடுக்கென்றும் இருக்க வேண்டும். நீங்கள் துண்டின் புளிப்பைக் கொல்லப் பார்த்தீர்கள். இந்தச் செடி பல நூற்றாண்டுகள் மருந்தாகத்தான் இருந்தது. வைத்தியத்தில் வயிறு கழியக் கொடுக்கும் ரேவல்சின்னி இதன் இனத்து வேர்தான். ஐரோப்பாவில் சர்க்கரை மலிவான பிறகே தண்டு சமையலறைக்குள் பரவலாக வந்தது. ஆக, சர்க்கரை இல்லாமல் இதற்கு வாழ்வில்லை, உண்மை. ஆனால் சர்க்கரை இருக்க வேண்டிய இடம் மாவு. இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால், ஓவனில் வைக்குமுன் ஒவ்வொன்றின் தலையிலும் பருவெட்டுச் சர்க்கரை அரை டீஸ்பூன் தூவுங்கள். நாக்கு முதலில் அதைத் தொட்டுவிட்டால் பிறகு வரும் புளிப்பை வரவேற்கும்.

இதைப் படிக்கும்போது நான்காவது கிண்ணம் ஏற்கனவே ஊறிக்கொண்டிருக்கிறது என்றால் எறிந்துவிடாதீர்கள். வடிகட்டியில் கொட்டி அரைமணி நேரம் விடுங்கள், துண்டைத் துணியில் ஒற்றி எடுங்கள். மாவுக்கான சர்க்கரையில் ஐம்பது கிராம் குறைத்துக்கொள்ளுங்கள். வடிந்த சாற்றைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, சூடான மஃபின் தலையில் தடவுங்கள். காய்ச்சுவதை எவர்சில்வரில் செய்யுங்கள், அலுமினியத்தில் வேண்டாம், அந்தப் புளிப்பு பாத்திரத்தையும் தின்னும்.