செஞ்சோற்றுக் கடன் அல்ல

அன்புள்ள ஐயா,

என் மகன் பிளஸ் டூ தேறியிருக்கிறான். ஒரு நிறுவனம் அவனை இப்போதே வேலைக்கு எடுத்து, பொறியியல் பட்டப்படிப்புச் செலவையும் ஏற்பதாகச் சொல்கிறது. எதற்காக இப்படிச் செலவழிக்கிறார்கள்? வார இறுதியில் படித்து வாங்கும் பட்டத்துக்கு மதிப்பு உண்டா? படிக்க வைப்பவர்களுக்கு ஆயுளுக்கும் விசுவாசமாக இருக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லி வருகிறேன்.

ஒரு தந்தை, திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாக நானும் இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1972இல் டைம்லர்-பென்ஸ், பாஷ் உள்ளிட்ட நிறுவனங்கள் வகுப்பறையையும் தொழிற்சாலையையும் இணைத்து ஒரு படிப்பைத் தொடங்கின. பள்ளி முடித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டால் தங்களுக்கு ஆள் கிடைக்காது என்ற அச்சமே அதற்குக் காரணம். அந்த வழியில் வந்த கல்வி நிலையங்களில் இன்றும் மாணவர்கள் மூன்று மாதம் வகுப்பிலும் மூன்று மாதம் நிறுவனத்திலுமாகப் படிக்கிறார்கள். வகுப்பில் இருக்கும் மாதங்களுக்கும் அவர்களுக்கு ஊதியம் உண்டு. விப்ரோவும் எச்.சி.எல்.லும் இங்கே இளைஞர்களை எடுத்துப் படிக்க வைப்பதற்கும் கணக்கு ஏறக்குறைய இதுதான். கல்லூரி முடித்து வருபவருக்கும் சம்பளம் கொடுத்து மாதக்கணக்கில் பயிற்சி தரத்தான் வேண்டும் என்றால், இளையவரைத் தங்கள் வேலைக்கேற்ப வளர்த்துச் சில ஆண்டுகள் தக்கவைத்துக்கொள்வது அவர்களுக்கு லாபம்.

பட்டத்தின் மதிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வழங்கும் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் அதை நடத்தும் முறையும் அங்கீகாரம் பெற்றவையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் கடைசி வரி எனக்குக் கோபமூட்டியது. நான் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தபோது, நிறுவனச் செலவில் படித்த இளைஞன் ஒருவன் அங்கே வேலை பார்த்தான். அவனுடைய அசல் சான்றிதழ்கள் மேலாளரின் பீரோவில் இருந்தன. வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தபோது, படியளந்தவர்களை விட்டுப் போகலாமா என்று அவன் அப்பா தடுத்துவிட்டார். ஒப்பந்தக் காலம் முடிந்து ஓராண்டாகியிருந்தது. அவன் போக மாட்டான் என்று தெரிந்ததும் நிறுவனம் சம்பள உயர்வையும் நிறுத்தியது. அந்த அப்பாவைப் போலவே நீங்களும் பேசுகிறீர்கள். நிறுவனம் தன் தேவைக்காகச் செலவழிக்கிறது, உங்கள் மகன் உழைப்பால் அதை ஈடுகட்டப் போகிறான். இதில் செஞ்சோற்றுக் கடன் எங்கே வந்தது? பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் அதை ஏற்றாதீர்கள்.

ஒப்பந்தத்தை மீறச் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதே சமயம், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவின்படி, எழுதிய தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே கேட்க முடியும். எனவே அவன் எத்தனை ஆண்டுகள் கட்டுப்பட்டவன், அவன் வேலை செய்யச் செய்ய அந்தத் தொகை குறையுமா, நிறுவனமே அவனை நடுவில் அனுப்பிவிட்டால் மீதிப் படிப்புக்கு யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தின் நகலை அனுப்பினால் நானும் படித்துச் சொல்கிறேன்.