கோபா அமெரிக்கா: எந்த ஆட்டத்துக்கு அலாரம் வைப்பது?

கேள்வி: 2024 கோபா அமெரிக்காவைப் பாதியிலிருந்துதான் பார்த்தேன். தென் அமெரிக்கக் கோப்பையில் கனடா எப்படி வந்தது, காலிறுதி டிரா ஆனதும் கூடுதல் நேரம் கொடுக்காமல் ஏன் நேராக பெனால்டிக்குப் போனார்கள் என்று ஒன்றும் புரியவில்லை. காலை ஒன்பதரைக்கு வேலையில் இருக்க வேண்டியவன் நான். எல்லா ஆட்டத்துக்கும் விடியற்காலையில் எழுந்திருக்க முடியாது. அடுத்த முறை எவற்றைப் பார்க்கலாம், எவற்றை விடலாம்?

பதில்: 2024 கணக்குப்படி மொத்தம் 32 ஆட்டங்கள். அதில் எட்டு ஒன்பது பார்த்தாலே போதும். லீக் சுற்றின் கடைசி நாட்களில் இரண்டு மூன்று, காலிறுதிகள் நான்கு, பிறகு இறுதி ஆட்டம். அரையிறுதியைக்கூட யார் மோதுகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். மெஸ்ஸி ஆடுகிறார் என்பதற்காக மட்டும் அலாரம் வைக்காதீர்கள்.

முதலில் கனடா விஷயம். தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான கான்மெபோலில் இருப்பது பத்தே நாடுகள்: அர்ஜென்டினா, பிரேசில், உருகுவே, பராகுவே, சிலி, பெரு, பொலிவியா, ஈக்வடார், கொலம்பியா, வெனிசுவேலா. கயானாவும் சுரிநாமும் வரைபடத்தில் அந்தக் கண்டத்தில் இருந்தாலும் கால்பந்தில் வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கூட்டமைப்போடு சேர்ந்தவை. பத்து அணிகளைக் குழுக்களாகப் பிரித்துக் காலிறுதி வைப்பது தலைவலி. அதனால் 1993 முதல் வெளி அணிகளை விருந்தாளிகளாக அழைக்கிறார்கள். அந்த ஆண்டே மெக்சிகோ இறுதிவரை போய் அர்ஜென்டினாவிடம் தோற்றது. 2001-இல் மறுபடி இறுதிக்கு வந்து கொலம்பியாவிடம் தோற்றது. கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்ட ஹோண்டுராஸ் அதே 2001-இல் பிரேசிலை 2-0 என்று வீட்டுக்கு அனுப்பியது. ஜப்பான், கத்தார்கூட ஆடியிருக்கின்றன. ஆனால் 1916-இல் தொடங்கிய இந்தக் கோப்பையை எந்த விருந்தாளியும் இதுவரை தூக்கிக்கொண்டு போனதில்லை. 2024 போட்டி அமெரிக்காவில் நடந்தது. பத்தோடு ஆறு அணிகள் சேர்ந்து பதினாறு. கனடா அந்த ஆறில் ஒன்று. முதல் முறை வந்து நான்காம் இடம் பிடித்தது சாதாரண விஷயமல்ல.

அடுத்து பெனால்டி. உங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியதே இந்த விதிதான். 2024-இல் காலிறுதி, அரையிறுதி, மூன்றாம் இட ஆட்டம் எல்லாவற்றிலும் 90 நிமிடத்தில் முடிவு வராவிட்டால் நேராக பெனால்டி. கூடுதல் முப்பது நிமிடம் இறுதி ஆட்டத்துக்கு மட்டும். நீண்ட கிளப் சீசன் முடிந்த கையோடு வரும் வீரர்களுக்கு இது கொஞ்சம் மூச்சு விட உதவும். ஆனால் இன்னொரு விளைவும் உண்டு: பலம் குறைந்த அணி 90 நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும், அப்புறம் ஆட்டம் கோல்கீப்பர் கைக்குப் போய்விடுகிறது. நான்கு காலிறுதிகளில் மூன்று அப்படித்தான் முடிந்தன. கொலம்பியா மட்டும் பனாமாவை 5-0 என்று சிரமமில்லாமல் தாண்டியது.

ஹூஸ்டனில் நடந்த அர்ஜென்டினா - ஈக்வடார் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் பாதியில் லிசான்ட்ரோ மார்ட்டினெஸ் தலையால் முட்டி கோல் போட்டார். இரண்டாம் பாதியில் ஈக்வடாருக்குப் பெனால்டி கிடைத்தது. என்னர் வலென்சியா அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சரி, முடிந்தது என்று டீ போட எழுந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 90 தாண்டிய முதல் நிமிடத்தில் கெவின் ரோட்ரிகஸ் தலையால் சமன் செய்தார். நேராக பெனால்டி. முதல் ஆளாக வந்த மெஸ்ஸி பந்தை மெல்லத் தூக்கிவிடப் பார்த்தார். அது குறுக்குக் கம்பத்தில் தட்டி மேலே போய்விட்டது. எமிலியானோ மார்ட்டினெஸ் அடுத்தடுத்து இரண்டைத் தடுத்து அணியைக் கரை சேர்த்தார். வழக்கமான முப்பது நிமிடம் இருந்திருந்தால் அர்ஜென்டினாவுக்கு இவ்வளவு வியர்த்திருக்காது என்பது என் எண்ணம்.

உருகுவே - பிரேசில் காலிறுதியில் அழகான கால்பந்து எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பந்தைவிடக் காலைத்தான் அதிகம் உதைத்தார்கள். 74-ஆம் நிமிடத்தில் நான்டெஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேரோடு நின்று 0-0 என்று காப்பாற்றிய உருகுவே, பெனால்டியில் 4-2 என்று ஜெயித்தது. இந்தப் போட்டியின் குணத்தை ஒரே ஆட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

பிரேசில் அந்த ஆட்டத்துக்கு எப்படி வந்து மாட்டியது என்பதில்தான் லீக் சுற்றின் கடைசி நாட்களைப் பார்க்கச் சொல்லும் காரணம் இருக்கிறது. கடைசி லீக் ஆட்டத்தில் கொலம்பியாவோடு 1-1 என்று டிரா செய்ததால் குழுவில் இரண்டாம் இடம். அதனால் எதிரில் உருகுவே. அதே ஆட்டத்தில், போட்டித் தொடரில் தன் இரண்டாவது மஞ்சள் அட்டையை வாங்கிய வினிசியஸ் ஜூனியர் காலிறுதியில் ஆட முடியவில்லை. அதற்கு முந்தைய நாள் போட்டியை நடத்தும் அமெரிக்காவே உருகுவேயிடம் 0-1 என்று தோற்றுக் கிளம்பியது. அதே நேரத்தில் இன்னொரு மைதானத்தில் பனாமா பொலிவியாவை 3-1 என்று வீழ்த்திக்கொண்டிருந்தது. ஒரு குழுவின் கடைசி இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கும், ஆகவே ஃபோனில் இன்னொரு ஸ்கோரையும் திறந்து வையுங்கள். புள்ளிகள் சமமானால் 2024-இல் முதலில் பார்த்தது கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல்கள். முந்தைய இரவே பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. அர்ஜென்டினா இரண்டே ஆட்டத்தில் காலிறுதிக்குத் தேறிவிட்டது. பெருவுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில், காயத்தால் மெஸ்ஸியும் இல்லை. அன்றைக்கு எழுந்தவர்களுக்குத் தூக்கம்தான் நஷ்டம்.

இன்னொன்று, போட்டியின் அமைப்பு ஒவ்வொரு முறையும் மாறும். 2021-இல் விருந்தாளிகள் வரவில்லை. ஐந்து ஐந்தாக இரண்டு குழுக்கள். இருபது லீக் ஆட்டம் ஆடி வெளியேற்றியது இரண்டே அணிகளை! அப்படி ஓர் அமைப்பு வந்தால் லீக் சுற்றை மொத்தமாகவே விட்டுவிடலாம். அட்டவணை வந்ததும் ஒரு குழுவிலிருந்து எத்தனை அணிகள் முன்னேறுகின்றன என்பதைத்தான் முதலில் பாருங்கள்.

தேதியில் பலர் கோட்டை விடுகிறார்கள். அங்கே ஞாயிறு இரவு என்றால் நமக்குத் திங்கள் காலை. பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே நேரத்தோடு எட்டரை மணி கூட்டினால் இந்திய நேரம். கொலம்பியா, பெரு, ஈக்வடாருக்குப் பத்தரை. 2021-இல் மரக்கானாவில் அர்ஜென்டினா பிரேசிலை 1-0 என்று வென்ற இறுதி ஆட்டம் அங்கே ஜூலை 10 இரவு ஒன்பது மணி, நமக்கு ஜூலை 11 காலை ஐந்தரை. அமெரிக்கா போல அகலமான நாட்டில் நடந்தால் நகரத்துக்கு நகரம் நேரம் மாறும், கவனம்.

உங்களுக்கு ஒன்பதரைக்கு வேலை என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: இறுதி ஆட்டத்தன்று விடுப்பு போட்டுவிடுங்கள். 2024-இல் திங்கள் காலை ஐந்தரைக்குத் தொடங்க வேண்டியது. மியாமி மைதான வாசலில் டிக்கெட் இல்லாத கூட்டம் நெருக்கித் தள்ளியதில் ஏறத்தாழ எண்பது நிமிடம் தாமதம். இடைவேளையில் ஷகிராவின் நிகழ்ச்சி வேறு. மெஸ்ஸி கணுக்கால் வீங்கி அழுதுகொண்டே வெளியேறினார். கூடுதல் நேரத்தில், 112-ஆம் நிமிடத்தில், லவுடாரோ மார்ட்டினெஸ் ஒற்றை கோல் போட்டு கொலம்பியாவை வீழ்த்தினார். முடியும்போது இங்கே ஒன்பது மணி தாண்டிவிட்டது.

மூன்றாம் இட ஆட்டத்தைத் தாராளமாக விடலாம். ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் மட்டும் யோசியுங்கள். 2024-இல் சுவாரெஸ் கடைசி நேரத்தில் சமன் செய்து உருகுவேயைக் காப்பாற்றியதுபோல ஏதாவது நடக்கலாம். அரையிறுதிக்கு என் கணக்கு எளிது: இரண்டும் தென் அமெரிக்க அணிகளாக இருந்தால் எழுந்திருப்பேன், இல்லாவிட்டால் சுருக்கம் பார்த்துக்கொள்வேன்.

பெரிய பெயர்களைத் தவிர ஓர் அணியைப் பிடித்துக்கொள்ள நினைத்தால் வெனிசுவேலாவைப் பாருங்கள். இந்தப் பத்து நாடுகளில் உலகக் கோப்பையில் இதுவரை ஆடாதது அது ஒன்றுதான், கோபாவையும் வென்றதில்லை. 2024-இல் லீக்கில் மூன்றுக்கு மூன்று ஜெயித்து வந்தார்கள். காலிறுதியில் கனடாவுக்கு எதிராக, கோல்கீப்பர் முன்னே வந்து நிற்பதைப் பார்த்து, வெகு தூரத்திலிருந்தே பந்தை அவர் தலைக்கு மேல் அனுப்பினார் சாலமோன் ரோண்டோன். பெனால்டியில் தோற்றார்கள் என்பது வேறு கதை.

கோபாவை வென்றால் உலகக் கோப்பைக்கு நேரடி இடம் கிடைக்குமா என்று பலரும் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்: கிடைக்காது. அதற்குத் தனித் தகுதிச் சுற்று. பத்து அணிகளும் ஒன்றையொன்று இரண்டு முறை மோதும், ஆளுக்குப் பதினெட்டு ஆட்டம். அடுத்த கோபா 2028-இல்தான். அதுவரை இந்த அணிகளைத் தொடர நினைத்தால், அந்தத் தகுதிச் சுற்று நடக்கும் மாதங்களில் பொலிவியாவின் சொந்த மண் ஆட்டங்களில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். லா பாஸ் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதையும்விட உயரத்தில், எல் ஆல்டோ நகரிலும் இப்போது ஆடுகிறார்கள். இரண்டாம் பாதியில் வெளியிலிருந்து வந்த அணி மூச்சு வாங்குவது திரையிலேயே தெரியும்.