ஊசலை விடுங்கள், எண்ணுவதைக் கவனியுங்கள்

வணக்கம் ஆசிரியரே. ஒரு மீட்டர் நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஊசல் கட்டி, பத்து அலைவுக்கு (ஒருமுறை போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு) நேரம் எடுக்கச் சொன்னால், எட்டாம் வகுப்பில் பாதிப் பேருக்கு அலைவு நேரம் 1.8 நொடி என்றே வருகிறது, நிறுத்துக்கடிகாரம் பழுதா என்று கேட்டிருந்தீர்கள். கடிகாரத்தின் மேல் பழி போட வேண்டாம். வர வேண்டியது ஏறக்குறைய 2 நொடி. பிள்ளைகள் குண்டை விட்டவுடனே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருப்பார்கள். "பத்து" என்று நிறுத்தும்போது ஒன்பது அலைவுதான் முடிந்திருக்கும். 18 நொடியைப் பத்தால் வகுத்தால் உங்கள் 1.8 வந்துவிடுகிறது! விடும்போது "பூஜ்யம்" என்று உரக்கச் சொல்ல வையுங்கள். என் வகுப்பில் முதல் நாள் சிரிப்பார்கள், மறுநாள் மறக்க மாட்டார்கள்.

யாருக்காவது 1 நொடி வந்தால், அவர் போவதை ஓர் அலைவு, வருவதை இன்னோர் அலைவு என்று எண்ணியிருக்கிறார்.

கடிகாரத்தைக் குண்டு ஓரத்தில் இருக்கும்போது அழுத்த வேண்டாம். அங்கே அது தயங்கி நிற்பதுபோல் திரும்பும், எந்தக் கணத்தில் என்று கண்ணுக்குத் தெரியாது. நடுவில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அதை ஒரே திசையில் கடக்கும்போது அழுத்தட்டும். கை 0.2 நொடி தாமதித்தாலும், இருபது அலைவுக்குப் பரவினால் ஓர் அலைவுக்கு 0.01 நொடிதான். நீளத்தைக் குண்டின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும், கொக்கி வரை அல்ல.

இன்னொன்று, விடை 2 என்று முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் நோட்டில் எல்லாருக்கும் 2 வந்துவிடும்.