இலக்கியத்தில் நிலத்தையும் இயற்கையையும் ஆராய எங்கிருந்து தொடங்குவது?

தமிழ் முதுகலை படிக்கும் நீங்கள், நம் இலக்கியம் நிலத்தை எப்படிக் காட்டுகிறது என்று ஆய்வு செய்ய ஐந்திணையிலிருந்துதானே தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் அங்கே தொடங்கித்தான் மாட்டிக்கொண்டேன். முதல் (நிலமும் பொழுதும்), கரு (அங்கு வாழ்பவை, விளைபவை), உரி (அதற்குரிய உணர்வு) என்று கட்டம் போட்டு, குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். நெறியாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "பூக்கடைக் கணக்கு மாதிரி இருக்கேப்பா" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

எனக்கு வழி விட்டது, பள்ளியில் மனப்பாடம் செய்த ஔவையாரின் நல்வழிப் பாட்டு: 'ஆற்றுப் பெருக்கற் றடிசுடுமந் நாளுமவ்வா றூற்றுப் பெருக்கால் உலகூட்டும்.' வெள்ளம் வற்றி மணல் அடியைச் சுடும் நாளிலும் ஆறு ஊற்றுநீரால் உலகை ஊட்டும்; நல்ல குடியில் பிறந்தவர் வறுமையிலும் இல்லை என்று சொல்ல மாட்டார் என்பதற்கான உவமை. பரீட்சையில் நீதியை எழுதினால் மதிப்பெண். ஆற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

வேலூர்க்காரன் அந்த ஆற்றில் நடந்திருப்பான். பாலாறு வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான். சின்ன வயதில் மே மாத வெயிலில் ஆயாவோடு போவேன்; உள்ளங்கால் பொரியும். ஆயா முழங்கை ஆழத்துக்குத் தோண்டுவார். மணல் முதலில் கறுக்கும், அப்புறம் ஓரம் சரிந்து சரிந்து விழும், அடியில் கலங்கலாகத் தண்ணீர் சுரக்கும். "தெளியட்டும், கைய வைக்காதடா." இரண்டு முறை இறைத்துக் கொட்டிவிட்டு, மூன்றாவதாக ஊறியதைத்தான் குடத்தில் மொள்வார். ஆற்று மணலில் ஊற்றுக்கால் என்ற வாய்க்கால் வெட்டி வயலுக்குப் பாய்ச்சியதும் மணலுக்கடியில் ஓடிய இதே தண்ணீரைத்தான்.

என்னைக் கேட்டால், இயற்கையை வருணிக்கும் பாட்டைவிட, வேறு எதையோ சொல்ல வந்து நிலத்தைத் தொட்டுவிட்டுப் போகும் வரியைப் பிடியுங்கள். கேட்பவருக்கு இது தெரியும் என்று புலவர் நம்பி விட்டுவிடுகிறார். அந்த நம்பிக்கை எந்தக் காலம் வரை செல்லுபடியானது என்று தேடினால் ஆய்வுக் கேள்வி கிடைத்துவிடும். பாலாற்றில் மணலை அள்ளினார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பு சொன்னது இந்தக் கழிவு பற்றிய வழக்கிலும்தான். போன வருஷம் ஒரு மாணவனுக்கு அந்த வெண்பாவை நடத்தினேன். "காஞ்ச ஆத்துல தண்ணி எப்படி சார் வரும்?" என்றான். அருஞ்சொல் எதுவும் அவனைத் தடுக்கவில்லை.

சங்க இலக்கியம்தான் வேண்டுமென்றால் மலைபடுகடாம் படியுங்கள். 583 அடி. பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊர் செங்கம், 1989-இல் மாவட்டம் பிரியும் வரை எங்கள் வட ஆற்காடு. அதில் மலையழகு உண்டு, ஆனால் எனக்குப் பிடித்தது, நன்னனிடம் பரிசு பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பகுதி: யானையை விரட்டக் கவண்கல் வரும், மரத்தில் மறைந்து போங்கள், பாசி வழுக்கும், கோல்களைப் பிடித்துக்கொண்டு கடந்து போங்கள். நன்னனின் நவிர மலை பர்வதமலைதான் என்கிறார்கள். ஒருமுறை ஏறிப் பாருங்கள். செங்குத்தான இடத்தில் பிடித்து ஏற இப்போது கடப்பாறை அடித்து வைத்திருக்கிறார்கள்.